ஒரு கிண்ணம் வட்டிலப்பம்

"எனக்கு வேண்டாம் பிள்ளை, நீங்கள் சாப்பிடுங்கோ."

வெளிக்களப் பணியில் நான் ஆகக்கூடுதலாகக் கேட்ட வசனம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். வீட்டுக்குப் போனால் எமக்குத் தேநீரும் பிஸ்கற்றும் வரும். தட்டை அவர் பக்கம் நகர்த்தினால் இந்த வசனம் வரும். பிள்ளைகள் வந்தால் தட்டு அவர்களிடம் போகும். கடைசியில் தூள் மட்டும் மிஞ்சினால் அதைக் கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்வார். அதையும் நாம் பார்க்காத நேரத்தில்தான்.

இந்த வசனத்தை வீட்டில் கேட்பதைவிடப் பயணத்தில் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

2017 செப்டெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த இருபத்திரண்டு பெண்கள் இரண்டு நாள் அனுபவப் பகிர்வுப் பயணமாகக் கண்டிக்கு வந்தார்கள். எல்லோரும் குடும்பத்தைத் தலைமை தாங்கி நடத்துபவர்கள். கித்துள் பாணி காய்ச்சும் பெண்களைச் சந்திப்பதும், அவர்கள் எப்படிப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள் என்று பார்ப்பதும் பயணத்தின் நோக்கம். கண்டியில் நின்று ஒழுங்குகளைக் கவனித்தது நான்.

இவர்களுக்குப் பயணம் புதிதல்ல. முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது, இதற்கு முன் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் மகரகமை புற்றுநோய் வைத்தியசாலை என்றார். இன்னொருவர் அநுராதபுரம் சிறைச்சாலை என்றார், தம்பியைப் பார்க்க. கொழும்பு, காணாமற்போனவர்களுக்கான ஆணைக்குழு. பேராதனை வைத்தியசாலை, மகனுடைய காலிலிருந்த செல் துண்டு எடுக்க. சுற்றுலா என்று போனவர் ஒருவர்கூட இல்லை. மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் போனவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், அதுவும் நேர்த்திக்கடனுக்கு. அப்படிப் போகும்போது வழியில் என்ன சாப்பிடுவீர்கள் என்றேன். "வீட்டில இருந்து கட்டிக்கொண்டு போற புட்டுத்தான். பிள்ளை கூட வந்தால் அதுக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கிக் குடுக்கிறது." உங்களுக்கு? எல்லோரும் சிரித்தார்கள். பதில் வரவில்லை.

அடுத்தநாள் பாணி காய்ச்சும் இடத்தில்தான் அவர்களுக்குப் பேச்சு வந்தது எனலாம். கித்துள் என்பதும் ஒரு பனை இனமே, தமிழில் கூந்தற்பனை என்பர். அதன் பூந்தண்டைச் சீவிச் சாற்றை எடுத்து, விறகடுப்பில் வற்றக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி இறுகவிட்டால் கருப்பட்டி. "இது எங்கட கருப்பநீர் காய்ச்சிற மாதிரித்தான்" என்று ஒரு அம்மா உடனே சொன்னார். அங்கே பனை, இங்கே கித்துள். அங்கே பனையோலைக் குட்டானில் ஊற்றினால் இங்கே சிரட்டை. அடுப்பு முன்னால் நின்று புகை குடிப்பது இரண்டு இடத்திலும் பெண்கள்தான். சிங்களம் தெரியாத இவர்களும் தமிழ் தெரியாத அவர்களும் அகப்பையைத் தூக்கிப் பாணி நூலாக விழுவதைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் மொழிபெயர்ப்பு பாதி நேரம் தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை நிறுத்தினோம். மகாவலிக் கரையில், கண்டி நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும் ஊர் இது. நெரிசல் அதிகம். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி இந்த ஊரூடாகவே அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என்று வடக்கே ஏறுகிறது. குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ-10 வீதி இங்கிருந்தே பிரிகிறது. ஏ-9 என்றால் எம் வாசகிகளுக்கு விளக்கம் தேவையில்லை. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து, 2002 சமாதான காலத்தில் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடி, 2009 இல் போர் முடிந்த பிறகே மீண்டும் திறந்த வீதி. 2002 இல் அது திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் முதலில் போன இடங்களில் ஒன்று நல்லூரடியில் உள்ள ரியோ ஐஸ்கிறீம் கடை. சமாதானம் என்றால் என்ன என்று அப்போது சிறுமியாக இருந்த என்னைக் கேட்டிருந்தால், உயரக் கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நிறத்தில் வரும் ஐஸ்கிறீம் என்றே சொல்லியிருப்பேன். 90களின் முதற்பாதியில் மின்சாரமே இல்லாமல், சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த ஊர் அது. ஐஸ்கிறீம் திரும்பி வந்தது சின்ன விடயமல்ல.

நாம் இறங்கியது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நான்கு மேசை. முன்னால் கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ், பற்றிஸ். பக்கத்தில் சிறு கிண்ணங்களில் மண்ணிறமாக வட்டிலப்பம். வட்டில் என்றால் கிண்ணம். கிண்ணத்தில் அவிக்கும் அப்பம். தேங்காய்ப்பால், கருப்பட்டி, முட்டை, ஏலக்காய் சேர்த்து ஆவியில் அவிப்பது. மலாய் மக்கள் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். இன்று முஸ்லிம் வீடுகளில் இது இல்லாத பெருநாள் இல்லை. காலையில் பார்த்த கித்துள் கருப்பட்டி மாலையில் என்னவாகிறது என்று காட்டுவதற்காகவே அங்கே நிறுத்தச் சொன்னேன். பயணச் செலவில் இதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கியும் இருந்தேன். கிண்ணம் எழுபது ரூபா.

"எங்களுக்கு வேண்டாம் மிஸ். பிளேன்ரீ காணும்."

இருபத்திரண்டு பேரில் இருபது பேர் இப்படிச் சொன்னார்கள். மூவருக்குச் சலரோகம் இருந்தது உண்மை. அவர்களைக் கட்டாயப்படுத்துவது தவறு. ஆனால் அன்றைக்குப் பார்த்தால் எல்லோருக்கும் திடீரென்று சீனி வருத்தம் வந்துவிட்டது. ஒருவர் என் காதுக்குள் சொன்னார்: "போட்டோ எடுக்காதேங்கோ பிள்ளை. பேஸ்புக்கில வந்தால் ஊரில கதைப்பினம். லோன்காரன் கண்டால் கிழமைக்காசு கட்டாமல் வட்டிலப்பம் கேக்குதோ எண்டுவான்."

இதை நான் சிரித்துவிட்டு விட முடியாது. காரணம் நானும் அந்த ஊரவர்களில் ஒருத்தியாக இருந்தவள்.

2015 இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடும்பங்களின் வரவுசெலவைப் பதியும் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த ஒரு அக்கா, மகளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போன அன்று இரண்டு பேரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டோம், முந்நூறு ரூபா போய்விட்டது என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த வரிக்குப் பக்கத்தில் நான் எழுதியது: "அநாவசியச் செலவு. ஆலோசனை வழங்கப்பட வேண்டும்." அப்போது அது எனக்குச் சரியாகவே பட்டது. அதே மாதம் நான் கண்டியில் தோழிகளோடு கேக் சாப்பிட்ட காசுக்கு எந்தப் படிவமும் இருக்கவில்லை. உதவி பெறுகிறவள் சிக்கனமாக, சோகமாக, நன்றியோடு இருக்க வேண்டும் என்று எம் நிறுவனங்களும் எதிர்பார்க்கின்றன. வாயைத் திறந்து யாரும் சொல்வதில்லை, படிவம் சொல்லிவிடும். அந்த அக்கா அதன் பிறகு எந்தச் செலவையும் எனக்கு ஒளிக்காமல் சொன்னதில்லை.

பேராதனையில் சமூகவியல் படிக்கும்போது அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கைப் படித்திருந்தேன். 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த கணக்கு அது. உடல்நிலை எப்படி என்று கேட்டபோது, மனைவியை இழந்த ஆண்களில் 48.5 வீதமானோர் சுகமில்லை அல்லது அவ்வளவு நன்றாக இல்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 வீதம் மட்டுமே. பஞ்சம் பெண்களை விட்டுவைத்ததா? இல்லை. தனக்கு ஒன்று குறைகிறது என்று சொல்லும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. பரீட்சைக்காக மனனம் செய்த அந்த எண்களின் அர்த்தம், இருபது பேர் "வேண்டாம்" என்று சொன்ன அந்த மேசைகளுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்நாட்டில் போரினால் கணவனை இழந்த பெண்கள் 89 ஆயிரம் பேர் என்று 2010 இல் பெண்கள் விவகாரப் பிரதியமைச்சர் கூறியிருந்தார். கிழக்கில் 49 ஆயிரம், வடக்கில் 40 ஆயிரம். இவர்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தோம், கோழி கொடுத்தோம், ஆடு கொடுத்தோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கும் படிவம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

கடைக்கு வருகிறேன். கடைக்கார அம்மணிக்கு அப்போது முப்பத்தாறு வயதிருக்கும். நான் தாத்தா என்றே கூப்பிடுவேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். பிளேன்ரீ வைத்துக்கொண்டிருந்தவர் இவர்களுடைய பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"இல்லை, கிளிநொச்சி. இவ முல்லைத்தீவு."

"நாங்கள் யாழ்ப்பாணம். சோனகத்தெரு."

மேசைகளில் சத்தம் நின்றது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். வடக்கின் மற்ற மாவட்டங்களிலும் அந்நாட்களில் இதுவே நடந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுப் போனார்கள், பெரும்பகுதியினர் புத்தளத்துக்கு. இவருக்கு அப்போது ஒன்பது வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, கட்டுகஸ்தோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஏ-10 வீதியால் வந்தவர் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆளையாள் பார்க்க முடியாத ஒரு நிமிடம் அது. அதை உடைத்தது குழுவில் மூத்தவரான அம்மாதான். சலரோகக்காரர் மூவரில் ஒருவர் அவர்.

"கொண்டாங்கோ பிள்ளை. ரெண்டு கரண்டி நான் சாப்பிடுறன்."

பிறகு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாத்தா கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்து, மேலே கொஞ்சம் பாணியும் விட்டுக் கொடுத்தார். முதல் கரண்டியை வாயில் வைத்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். "உதென்ன இப்பிடிக் கரையுது" என்றார் மற்றவர். கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு ஒருவர் சோனகத்தெருவில் தன் தகப்பனார் சைக்கிள் திருத்தக் கொடுத்த கடையைப் பற்றிக் கேட்க, தாத்தா அது தன் மாமாவின் கடையாக இருக்கலாம் என்று சொல்ல, பஸ் சாரதி இரண்டுமுறை கோர்ன் அடித்தும் யாரும் எழும்பவில்லை. இரண்டு பேர் காசு கொடுத்து இரண்டாவது கிண்ணம் வாங்கினார்கள். தங்கள் சொந்தக் காசு. பிள்ளைக்குக் கட்டிக்கொண்டு போகவில்லை, அங்கேயே இருந்து சாப்பிட்டார்கள்.

செய்முறையையும் கேட்டு எழுதிக்கொண்டோம். ஐந்து முட்டைக்குக் கால் கிலோ கருப்பட்டி, ஒரு கோப்பை தடித்த முதற்பால். கருப்பட்டியைச் சீவி மிகக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும், மண் இருக்கும். அது நன்றாக ஆற வேண்டும். முட்டையை நுரை எழும்ப அடிக்காமல் கலக்கி, பாலும் பாணியும் ஏலக்காய்த் தூளும் ஒரு துளி உப்பும் சேர்த்து மறுபடி வடித்து, கிண்ணத்தில் ஊற்றி, ஆவித்தண்ணீர் சொட்டாமல் மேலே எண்ணெய்த்தாள் கட்டி, இடியப்பம் அவிக்கும் பானையில் மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம். உள்ளே சிறு சிறு துளைகள் விழுந்தால் பதம் சரி என்பது தாத்தாவின் கட்சி. வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பது அவருடைய மாமியின் கட்சி. கித்துள் கிடைக்காவிட்டால் பனங்கட்டியிலும் செய்யலாமாம்.

ஒருவர் மட்டும் சாப்பிடவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்ததை நான் கண்டேன். அக்குறணை தாண்டும்வரை அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் நான் இருந்தேன். அங்கே இறங்கிக் கண்டிக்குத் திரும்புவதாக ஏற்பாடு. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மாத்தளனில தம்பி இனிப்புக் கேட்டவன். கஞ்சிக்கு உப்பே இல்லை, இவனுக்கு இனிப்போ எண்டு அடிச்சுப்போட்டன். அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கேக்கேல்லை."

உளவளத்துணைப் பயிற்சிகளில் படித்த வாக்கியங்கள் பல எனக்குத் தெரியும். ஒன்றையும் நான் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது, "அந்தத் தாளை எனக்கும் ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றார். மடியில் வைத்து, பஸ்ஸின் ஆட்டத்தில் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் வாசகிகளில் சிலர் கேட்கக்கூடும்: எழுபது ரூபா இனிப்புச் சாப்பிட்டால் எங்கள் துன்பம் போய்விடுமா என்று. போகாது. காணாமற்போனவர் வரமாட்டார், கடன் குறையாது. இனிப்பு மருந்தும் அல்ல. அளவு மீறினால் வருத்தத்தைத்தான் கொண்டுவரும். நான் சொல்வது வேறு. வைத்தியசாலைக்கோ ஆணைக்குழுவுக்கோ மணிக்கணக்காகப் பயணம் செய்து, நாள் முழுக்கப் பிறர் கேள்விக்குப் பதில் சொல்லி, வெறும் வயிற்றோடு திரும்பி வரும் ஒரு பெண், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கால் மணித்தியாலம் உட்கார்ந்து தனக்குப் பிடித்த ஒன்றைச் சாப்பிட்டால், அதற்கு அவள் யாரிடமும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பிள்ளைக்கு வாங்கும் அன்று தனக்கும் ஒன்று வாங்கட்டும். தாய் "எனக்கு வேண்டாம்" என்பதைத் தினமும் பார்த்து வளரும் மகளும் நாளைக்கு அதைத்தான் சொல்லப் போகிறாள். தாத்தாவின் கடையில் அன்று பிளேன்ரீயோடு நின்றிருந்தால் அந்தச் சோனகத்தெருக் கதையும் நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. கலவரம் கண்டி மாவட்டத்தின் வேறு இடங்களுக்கும் பரவி, ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் வந்தன. அந்த நாட்களில் எனக்குக் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஏழெட்டு அழைப்புகள் வந்தன. எல்லோரும் கேட்டது ஒன்றையே. "அந்த வட்டிலப்பக் கடை எரியேல்லைத்தானே?"

எரியவில்லை. இரண்டு கிழமை பூட்டிக்கிடந்து திறந்தது. இன்று கிண்ணத்தின் விலை அன்றைய விலையல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முட்டை, தேங்காய், கருப்பட்டி எல்லாம் எங்கேயோ போய்விட்டன. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்த நாட்களில், வட்டிலப்பத்துக்கு அது சரிவராது என்று தாத்தா கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தே வைத்திருந்தார். அவருடைய பிடிவாதம் அது.

பஸ்ஸில் சாப்பிடாமல் வந்த அந்த அக்கா 2018 மே மாதம், இருபதாம் திகதியளவில் என்னை அழைத்தார். தம்பியின் நினைவு நாளுக்குப் பனங்கட்டியில் வட்டிலப்பம் அவித்து, அயலில் உள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்களாம். ஆனால் சரியாக வரவில்லை, திரைந்துபோய்த் தண்ணீர் விட்டிருந்தது, முட்டை மணமும் போகவில்லை என்றார்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ அக்கா?"

"பானையில ஒரு கிண்ணம் மிஞ்சிக் கிடந்தது. அதை நான்தான் சாப்பிட்டன். அதாலதான் மணம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க பிழை விட்டனான் எண்டு தாத்தாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

அன்று மாலையே கட்டுகஸ்தோட்டைக்குப் போய்க் கேட்டேன். தாத்தா சொன்னார்: "பனங்கட்டிப் பாணி ஆறமுந்தி முட்டையை ஊத்தியிருப்பா. அடுத்தமுறை முந்தினநாள் இரவே கரைச்சு வைக்கச் சொல்லுங்கோ. ஏலக்காய் இன்னும் ரெண்டு கூடப் போடட்டும்."